பதினோரு டின் மொச்சை

அந்த யோசனை வந்தபோது என் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. இடம் அரூர்ச் சந்தை. நேரம் உச்சி வெயில்.

மழை பொய்த்து இரண்டு வருஷம். பர்மா அரிசியும் யுத்தத்தால் நின்றுவிட்டது. எங்கள் நிவாரணக் கமிட்டி சாலையோர ஊர்களில் கஞ்சித்தொட்டி வைத்திருந்தது. அரூர்த் தொட்டிக்கு நான்தான் பொறுப்பு. அன்றைக்கு வரிசையில் கடைசியாக ஒரு மலைக்காரப் பெண் நின்றாள். முதுகில் கடுக்காய் மூட்டை, இடுப்பில் குழந்தை. அவள் முறை வந்தபோது அண்டா காலி. நான் கரண்டியால் அண்டாவின் அடியைத் தட்டிக் காட்டினேன்.

"தட்டிக் காட்டாதீங்க தம்பி. எனக்குக் கண்ணு தெரியுது," என்றாள்.

"எந்த ஊரும்மா?"

"சித்தேரி மேல."

"இனிமேல் நடந்து எப்போ போய்ச் சேருவீங்க?"

"பொழுது சாயறதுக்குள்ள போனா புண்ணியம்."

குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள். அவள் பெயர் காளியம்மா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மண்டைக்குள் பளிச்சென்று ஒன்று வெடித்தது. கஞ்சிக்காக மலை ஏன் கீழே இறங்க வேண்டும்? கஞ்சி மேலே ஏறட்டுமே!

வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் வெல்லம் விற்றுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏறும் ஏறும். மொதல்ல கஞ்சிக்குக் கால் மொளைக்கட்டும்," என்றார்.

ஒரு வாசகரின் கார்டு

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "நீர் தொட்டதெல்லாம் துலங்கியிருக்கிறது. உமக்குத் தோல்வியே கிடையாதா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். கேலியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் கார்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

தோல்வி என்றால்கூட எழுதிவிடலாம். இது தோல்வி இல்லை. கமிட்டியின் அறிக்கைப்படி சித்தேரி மலையில் நான் செய்தது வெற்றி. அந்த வெற்றியைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அந்தச் சிற்றூரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இருக்கிறவர்கள் என்னை நினைவு வைத்திருக்கிறார்கள்.

வாய்ச் சவடால்

நான் இண்டூர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சேலத்தில் இண்டர் படித்து, பேச்சுப் போட்டியில் இரண்டு தடவை பரிசு வாங்கி, வீடு திரும்பி ஏர் பிடிக்கப் பிடிக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். "இவன் நாக்கைப் பூட்டி நாலு காணி உழலாம்," என்று என் அப்பா சொல்வார். நாக்கு அவ்வளவு சுறுசுறுப்பு.

அந்த நாக்கை வைத்துத்தான் கமிட்டியை மசிய வைத்தேன். ஓர் அங்கத்தினர் மட்டும் கடைசிவரை தலையாட்டவில்லை. "மலைக்காரன் தானியத்தைப் புதைத்து வைத்துக்கொண்டு கை நீட்டுவான். எனக்குத் தெரியாதா?" என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று மாதம் நடத்திப் பார்ப்பது. பால்மாவு அனுப்பும் கடல்கடந்த தர்ம சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து பார்ப்பார். அவர் திருப்திப்பட்டால் தொட்டி நீடிக்கும். இல்லையென்றால் மூடுவிழா.

பொம்மிடி ஸ்டேஷனில் அந்தப் பால்மாவுப் பெட்டிகளை இறக்கிய நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. கூட்ஸ் வண்டிப் புகை வாடைக்கு நடுவே பெட்டியின் பலகை இடுக்கிலிருந்து இனிப்பாக ஒரு பால் வாசனை. உள்ளே ஒரு டின்னிலிருந்து கசிந்திருந்த மாவைப் போர்ட்டர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "இதென்னங்க, பாலுக்கு மேக்கப் போட்ட மாதிரி இருக்குது," என்றார். பொம்மிடியிலிருந்து அரூருக்குக் கரி பஸ், பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓடியது. பாதி மேட்டில் பஸ் மூச்சு வாங்க, நாங்கள் இறங்கித் தள்ள, அது எங்கள் மேல் கரியைத் துப்ப. அரூரிலிருந்து அடிவாரம்வரை மாட்டு வண்டி. அப்புறம் நாலு கழுதைகள்.

கஞ்சிக்குக் கால் முளைத்துவிட்டது. நாலு நாலு பதினாறு கால்!

பதினோரு வீடு

ஊர் என்றால் பதினோரு வீடு. மண் சுவர், புல் கூரை. ஊர்க்கவுண்டர் ஒருவர், சடையக் கவுண்டர் என்று பெயர். ஒல்லியான மனுஷர், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பவர். காளியம்மா அவருடைய தம்பி மனைவி.

பந்தல் போட்டு, தானியத்துக்கு ஒரு குடிசை கட்டி, பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூல் மாதிரிக் கயிற்றில் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பூணூல் கிடையாது. சாவி மார்பில் தொங்குவது எனக்குப் பிடித்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் நாள் கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் சடையக் கவுண்டர் கேட்டார்:

"இத யாருங்க குடுக்கறது? சர்க்காரா?"

"இல்லை. கடல் தாண்டி இருக்கிற சாதாரண ஜனங்கள்."

"அவங்களுக்கு எங்கள எப்பிடித் தெரியும்?"

நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். தெரியாது, ஆனாலும் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் போதும். நான் ஒரு பாறையின் மேல் ஏறி நின்றுகொண்டேன். அங்கே ஆகாயத்திலிருந்து குண்டு விழுகிறது என்றேன். வீடெல்லாம் பற்றி எரிகிறது என்றேன். அது பத்திரிகையில் படித்தது. அதற்குமேல் என் சொந்தச் சரக்கு. "அங்கே குடியானவன் விதைக்க ஒரு பிடி விதை இல்லாமல் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்! அவன்தான் தன் குழந்தையின் பாலை உங்கள் குழந்தைக்கு அனுப்புகிறான்!"

கைதட்டல் பழகிப்போன காதுக்கு அந்த அமைதி புதிதாக இருந்தது.

"வெத கூடவா இல்ல?" என்று கேட்டார் சடையக் கவுண்டர்.

"ஒரு பிடி இல்லை!" என்று கையை உயர்த்திச் சொன்னேன்.

சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

மூடி போட்ட டின்கள்

தொட்டி நன்றாகவே நடந்தது. பெண்கள் முறைபோட்டுப் பொங்கினார்கள். காளியம்மாவின் குழந்தைக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. "மாவுத் தம்பி" என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். காலி டின்களை வீட்டுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய் அழகு பார்த்தார்கள்.

அம்மாள் வருகிற தேதி கீழேயிருந்து கடிதத்தில் வந்தது. கூடவே ஓர் உத்தரவு: யுத்த காலம், தகரத்துக்குப் பஞ்சம், காலி டின்களை மூடியோடு திருப்பித் தரவும். ஊருக்குச் சொன்னேன்.

வருகைக்கு முந்தின நாள் காலையில் டின்கள் வந்தன. பதினோரு பேர், பதினோரு டின். மூடியைச் சுற்றித் தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். ஒன்றைத் தூக்கினேன். கனத்தது.

"என்ன இது? காலி டின்தானே கேட்டேன்?"

காளியம்மா சிரித்தாள். "நல்லாருக்குதே நாயம்! நெறைஞ்சு வந்த ஏனத்த வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா? உங்க இண்டூர்ல அப்பிடித்தான் பண்ணுவீங்களா?"

"உள்ளே என்ன?"

"மொச்சை. வெத மொச்சை. பாதிய எங்களுக்கு வெச்சுக்கிட்டு பாதி போட்டிருக்கறோம். எங்க வூட்டது செவப்புல வெள்ளக் கண்ணு போட்டது. அத மட்டும் தனியா ஊனச் சொல்லுங்க, கலந்துட்டா கண்ணு போயிரும்."

சடையக் கவுண்டர் கேட்டார்: "ஆடிக்குள்ள அங்க போய்ச் சேந்துருமுங்களா?"

"சேரும்," என்றேன்.

"மூடியத் தொறக்காதீங்க. அப்பிடியே அந்தம்மா கையில குடுத்துருங்க."

"சரி," என்றேன்.

நான் செய்தது

அவர்கள் போனதும் மெழுகைச் சுரண்டி ஒரு மூடியைத் திறந்தேன். அடுப்புச் சாம்பலில் புரட்டிய மொச்சை. நடுவில் இரண்டு வேப்பிலை. எங்கள் இண்டூர் வீட்டிலும் விதையை அம்மா இப்படித்தான் வைப்பாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி ஒதுங்க எனக்கு இடமே இல்லை.

என் பயம் இதுதான். நாளைக்கு அந்த அம்மாள் வருகிறார். பட்டினி கிடக்கிற ஊரைப் பார்க்க வருகிறார். அவர் கையில் பதினோரு டின் தானியத்தைக் கொடுத்தால்? 'மலைக்காரன் புதைத்து வைத்திருப்பான்' என்று சொன்ன அங்கத்தினரின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. தொட்டி மூடப்படும். குழந்தைகள் மறுபடியும் அரூர் வரிசையில் நிற்கும்.

இப்படி எழுதினால் நான் நல்லவனாகத்தான் தெரிகிறேன். ஆகையால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். டின்களை ஒரு புதருக்குப் பின்னால் வைத்து, அம்மாள் போன பிறகு எடுத்திருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் வரவேண்டிய கேழ்வரகு மூட்டை வரவில்லை. அம்மாள் எட்டிப் பார்க்கும்போது அண்டாவில் தண்ணீர்க் கஞ்சி தளதளத்தால் என் பெயர் என்ன ஆவது? கெட்டிக் கஞ்சி, அதில் கொழுகொழுவென்று மொச்சை. "பிரமாதம்!" என்று அவர் சொல்வது என் காதில் அப்போதே விழுந்தது.

மத்தியானம் பதினோரு டின்னையும் ஓடைக்குத் தூக்கிப் போனேன். சாம்பலைக் கழுவினேன். கழுவக் கழுவத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. வேப்பிலைகளைப் பொறுக்கி எறிந்தேன். அண்டாவில் ஊறப் போட்டேன். டின்களைத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கினேன்.

விடிந்ததும் பார்த்தால் மொச்சை ஊதியிருந்தது. தோல் விரிந்து, ஒன்றிரண்டில் வெள்ளையாய் முனை எட்டிப் பார்த்தது. அப்போதுகூடப் பொழுது இருந்தது. ஓடைக்கரை ஈரத்தில் ஊன்றியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

பொங்க வந்த பெண்களிடம், "இன்னைக்கு நான் பொங்கறேன். துரைசாணி வராங்க, நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க," என்றேன். "மாவுத் தம்பிக்கு இன்னைக்குக் கல்யாணக் களை," என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அடுப்பைப் பற்றவைத்தேன்.

இரண்டு பொய்கள்

வந்த அம்மாள் மெலிந்தவர். டோலி வேண்டாம் என்று நடந்தே ஏறியிருந்தார். காலுறையில் இரண்டு இடத்தில் தையல், வேறு நிற நூலில். முகமெல்லாம் வெயில் சிவப்பு. பந்தலுக்குள் வந்ததும் முதலில் குழந்தைகளைப் பார்த்தார், பிறகுதான் அண்டாவை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதனால் அடுத்தது இன்னும் மோசமாக இருந்தது.

ஊரே குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்தி வந்து வரிசையாக உட்கார்ந்தது. கஞ்சி ஊற்றத் தொடங்குமுன் காளியம்மா எழுந்து நேராக அம்மாளிடம் வந்தாள். அவருக்கு இங்கிலீஷ், இவளுக்குத் தமிழ், நடுவில் நான்.

"தம்பி, நாங்க குடுத்தது கைக்கு வந்துச்சான்னு கேளுங்க. அவங்க ஊர் மண்ணுல மொச்சை வருமான்னு கேளுங்க."

அம்மாள் என்னைப் பார்த்தார். இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஆவலாகக் கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறாள்," என்றேன் இங்கிலீஷில்.

அம்மாளின் முகம் இன்னும் சிவந்தது. நன்றியெல்லாம் எதற்கு, எங்களால் முடிந்தது கொஞ்சம்தான் என்று சொல்லச் சொன்னார்.

நான் காளியம்மாவிடம் திரும்பினேன். "வந்து சேந்துருச்சாம். ரொம்ப சந்தோஷமாம். கட்டாயம் ஊனறாங்களாம்."

காளியம்மா அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவள் போய் உட்கார்ந்தாள். நான் கஞ்சி ஊற்றினேன். குனிந்து ஒரு வாய் குடிக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள். சட்டியைக் கொஞ்சம் சாய்த்தாள். விரலால் ஒரு மொச்சையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெந்ததில் சிவப்பு போயிருந்தது. கண் மட்டும் வெள்ளையாக, அப்படியே இருந்தது.

தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் அடுக்கியிருந்த காலி டின்களைப் பார்த்தாள். அம்மாளைப் பார்த்தாள். விருந்தாளி முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்திலிருந்த சடையக் கவுண்டரின் சட்டியைத் தொட்டுக் காட்டினாள். அவரும் பார்த்தார். அது வரிசையின் கடைசிவரை போனது. அப்புறம் அத்தனை பேரும் குனிந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

அம்மாள் என் பக்கம் சாய்ந்து, இவ்வளவு அமைதியாகச் சாப்பிடுகிறவர்களை எங்கும் பார்த்ததில்லை என்றார். கீழே இறங்கி நல்ல அறிக்கை எழுதினார். தொட்டி நீடித்தது. அதுதான் அந்த வெற்றி.

அடுப்பெரிந்த பந்தல்

மறுநாள் கேழ்வரகு மூட்டை வந்தது. கஞ்சி பொங்கினேன். ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பந்தலில் நானும் அண்டாவும் ஒரு நாயும். நாயும் கொஞ்சம் யோசித்துத்தான் குடித்தது.

காளியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் சடையக் கவுண்டரும் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டினாள்.

"சாவி."

கழற்றிக் கொடுத்தேன்.

"கொழந்தைங்க என்ன பண்ணுச்சு? இனிமே அதுங்களுக்கு நாங்களே மாவு கரைச்சுக்கறோம். பெரியவங்களுக்கு அந்தக் கஞ்சி எறங்காது. நாங்க குடுத்தது அங்க போய்ச் சேரட்டும், அப்பறம் பாக்கலாம்."

"நான் சேலத்தில் நல்ல விதை மொச்சை வாங்கி..."

"வாங்கறதா?" சடையக் கவுண்டர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "பொங்கித் தின்ன வெதைக்கு மாத்து வெத காசு குடுத்து வாங்கறது எங்க மலையில இல்லீங்க. இன்னொரு மலைக்குப் போயி, நடந்ததச் சொல்லி, ஏந்தி வாங்கணும். பொங்குனவன்தான் போவணும்."

அவர் வழக்கம்போலக் காத்திருந்தார்.

"வத்தல்மலைக்குப் போகிறேன்," என்றேன்.

"என்னன்னு கேப்பீங்க?" என்றாள் காளியம்மா.

"கேட்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியாது. எங்க, இதுதான் வத்தல்மலைன்னு வெச்சுக்குங்க. கேளுங்க பாக்கலாம்."

அவள் வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, கடல் கடந்த ஒரு தேசத்தில், குண்டு மழைக்கு நடுவில்..."

"வெத இல்ல, போங்க," என்றது உள்ளே குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மறுபடியும் ஆரம்பித்தேன். "நான் நிவாரணக் கமிட்டியைச் சேர்ந்தவன். சித்தேரி மலையில் ஒரு சிறு தவறு..."

"இந்த வூட்ல ஆளே இல்ல."

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை மாதம் கரண்டி பிடித்தே பழகியிருந்தது.

"ஆத்தா," என்றேன். "எங்கிட்ட ஊர்க்காரங்க வெத குடுத்து விட்டாங்க. நான் பொங்கிட்டேங்க. கொஞ்சம் வெத குடுங்க."

காளியம்மா வெளியே வந்தாள். கையில் ஒரு டின். குழந்தைக்கென்று அவள் தனியாக வைத்திருந்தது, மாவு தீர்ந்திருந்தது. என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை மலை இறங்க வேண்டும். அரூர் வரை நடை. தர்மபுரிக்குக் கரி பஸ் கிடைத்தால் பஸ், இல்லையென்றால் அதுவும் நடை. வத்தல்மலையில் எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். டின் நிறைந்த பிறகு அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம்: அன்றைக்குக் காளியம்மா உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்டாள், அது இதுதான் என்று.

இறங்குகிற வழியில் மூடியைத் திறந்து பார்த்தேன். காலி என்றுதான் நினைத்திருந்தேன். அடியில் இரண்டு கை அடுப்புச் சாம்பல் போட்டிருந்தாள்.